சித்தப்பாவின் மினுக்கு

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளின் முகத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் மரியாதை. சவரம் செய்துகொள்ளும் நாள் அது. மற்ற நாட்களில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியிலேயே இரண்டு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, தோளில் கிடக்கும் துண்டால் ஒரு துடை துடைத்தால் முடிந்தது. அதே துண்டுதான் கழுத்து வேர்வைக்கும், தேவைப்பட்டால் கன்றுக்குட்டியின் மூக்குக்கும். சோப்பு வீட்டுக்கு ஒன்று இருக்கும். விருந்தாளி வந்தால் மாடத்திலிருந்து இறங்கி, அவர் போனதும் பத்திரமாக ஏறிவிடும்.

உத்தனப்பள்ளியைத் தாண்டி, இராயக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர். அறுபதுகளின் கடைசி. அப்படிப்பட்ட ஊரில் என் சித்தப்பா ஒரு நாள் காலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அகலமான மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கால்களையும் அதில் வைத்துக்கொண்டார். கைகளுக்கு இன்னொரு சட்டி. யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தார்.

வெயில் கூரையிலிருந்து இறங்கி வாசலுக்கு வரும்வரை ஊறுவார். பிறகு வழுவழுப்பான கல்லால் குதிகாலை மெதுவாகத் தேய்ப்பார். ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்பே தேங்காயெண்ணெயை உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு என்று ஓரிடம் விடாமல் தடவுவார். முகத்துக்குப் பச்சைப்பயறு மாவு. கழுவியபின் அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய். கடைசியில் சின்னக் கண்ணாடியை எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, வீட்டில் அம்மா காய்ச்சிய கண்மையைச் சுண்டுவிரலால் தொட்டுப் புருவத்தில் இழுப்பார். இதை நான் ஒருத்திதான் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். ஊரே பார்த்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "என்னாடா, பொண்ணுக்கு அலங்காரம் ஆயிடுச்சா, ஏர் பூட்டலாமா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "அழகு சோறு போடுமா?" என்று அப்பா முனகுவார். அப்பாதான் வீட்டுக்குப் பெரியவர். தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியையும் தங்கையையும் வளர்த்தவர். அதனால் முனகுவதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று நினைத்தார். சித்தப்பா சிரித்துக்கொண்டே எண்ணெய்க் கிண்ணத்தை மூடுவார். கேலி செய்யாத ஒரே ஆள் என் அம்மா. சட்டியில் ஊற்றத் தண்ணீர் குறைந்தால் அவரே சேந்திக் கொண்டுவந்து வைப்பார்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். இந்த மினுக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நானும் அவரோடு உட்கார்ந்து காலை ஊறவைப்பேன் என்று அடம்பிடித்தேன். சித்தப்பா தன் சட்டியில் என்னைக் காலை வைக்க விடவில்லை. "மகாராணிக்குத் தனிச் சட்டி" என்று ஒன்றை எடுத்து, தன்னிடமிருந்து எட்டத்தில் ஒரு கல்லின்மேல் போட்டுக் கொடுத்தார். எண்ணெயும் தனிக் கிண்ணத்தில். அவருடைய துண்டை நான் ஒருமுறை எடுத்து முகம் துடைக்கப் போனபோது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அழகுக்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் கருமிகள்தான் போலிருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன்.

இதெல்லாமாவது வீட்டுக்குள் நடந்தது. செருப்புதான் பெரிய வம்பாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் நிலத்தில் செருப்போடு கால் வைக்கமாட்டார்கள். ஏர் உழும்போது சரி, களையெடுக்கும்போது சரி, வெறுங்கால்தான். அதிலும் கதிரடிக்கும் களம் என்றால் கோயில் மாதிரி. செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். சித்தப்பாவோ வண்டிச்சக்கரத்து ரப்பரில் தடிமனாக ஒரு ஜோடி தைத்து வாங்கிவந்து, அதை மாட்டிக்கொண்டே அவரைக்காய்க் கொல்லையில் இறங்கினார். வெயிலுக்குத் தலையில் துண்டு வேறு. அப்பா கத்தினார். பூமித்தாய் பொறுக்கமாட்டாள் என்றார். சித்தப்பா குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றாமலே வேலையைத் தொடர்ந்தார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாருடைய கவலையும் அத்தையைப் பற்றியதாகத்தான் இருந்தது. அப்பாவின் கடைசித் தங்கை. வந்த வரன்கள் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிப்போயின. அவள் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஓர் இடம் கூடிவந்தது. மாப்பிள்ளையை அத்தை சந்தையில் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாததிலிருந்து அம்மா கண்டுபிடித்தார். அவர்களும் பெண்ணைப் பார்த்துச் சரி என்றுவிட்டார்கள். வீடு பார்க்க வருவது மட்டும்தான் பாக்கி. பெண் எடுக்கும் வீட்டின் மாடு, கன்று, கிணறு, ஆட்கள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் தாம்பூலம் மாற்றுவார்கள்.

அவர்கள் வந்த அன்று களத்தில் கேழ்வரகு அடித்துக்கொண்டிருந்தோம். மாடுகள் கல் உருளையை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. சித்தப்பா நடுவில் நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு, மை தீட்டிய புருவம், காலில் அந்த ரப்பர்ச் செருப்பு. மாப்பிள்ளையின் அப்பா களத்தோரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். உயரமான மனிதர். தெலுங்கும் கன்னடமும் ஊடுபாவிய தமிழ் பேசுகிறவர். மாடுகளைப் பார்த்துத் தலையசைத்தார். சித்தப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது யாருங்க?"

"எந்தம்பிங்க," என்றார் அப்பா. "செருப்பக் கழட்டுன்னா கேக்கறதில்ல."

மாப்பிள்ளையின் அப்பா சித்தப்பாவை உச்சியிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. வர்ற வழியிலயே இவரப் பத்தி ரெண்டு பேரு சிரிச்சிக்கினாங்க. ஒரு ஆம்பள தெனம் ஒடம்ப இப்படி பாத்துக்கினா, ஒண்ணு எங்கியாவது பொம்பள இருக்கணும், இல்ல ஒடம்புல ஏதோ நோவு இருக்கணும். பொண்ணு எடுக்கற எடம். எதுன்னு தெரிஞ்சிக்கணுமில்ல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, பார்க்கவேண்டியதைப் பார்த்தார், அவ்வளவுதான். உருளை நின்றுவிட்டது. வரப்பில் மோர்ச் செம்போடு அம்மா நின்றிருந்தார். சித்தப்பா ஒருதரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு வேலியின் பக்கம் பார்த்தார். அங்கே அத்தை மறைந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் புடவையின் ஓரம் தெரிந்தது.

"பொம்பளதாங்க," என்றார் சித்தப்பா. "ஓசூர்ல."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூச்சு வந்ததுபோல் இருந்தது. லேசாகச் சிரித்தும்விட்டார். வயசு அப்படி, போகப்போகச் சரியாகிவிடும் என்றார். ஆனால் நாளைக்கு நாலு பேர் வந்துபோகும் வீடு, தன் பெண்பிள்ளைகளும் வருவார்கள், அதனால் இந்தத் தம்பி இந்த வீட்டில் இருக்கவேண்டாம், கல்யாணப் பந்தலிலும் வேண்டாம் என்று பதமாகச் சொன்னார். அப்படியென்றால் அவருக்கு வேறு ஆட்சேபணை இல்லை. அன்று மாலையே தாம்பூலம் மாற்றினார்கள்.

அவர்கள் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் அப்பா சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுக்கப் போனார். சித்தப்பா சட்டென்று கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"தொடாதண்ணா. நானே போறேன்."

"மானத்த வாங்கிட்டு ரோசம் வேறயாடா உனக்கு?" என்றார் அப்பா. குரல் உடைந்துபோயிருந்தது. அத்தை உள்ளே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தன் கல்யாணப் பேச்சில் போய் இந்தக் கேவலத்தைச் சேர்த்துவிட்டானே, இவன் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்றாள். அதைக் கேட்டுக்கொண்டேதான் சித்தப்பா தன் இரண்டு வேட்டிகளை மடித்தார். அம்மா மட்டும் பயறு மாவை ஒரு துணியில் முடிந்து, எண்ணெய்ப் புட்டியை அடைத்து, மைச்சிமிழையும் சேர்த்துப் பையில் வைத்தார். இவ்வளவு நடந்த பிறகும் மினுக்குச் சாமான்களைக் கட்டிக் கொடுக்கிறாரே என்று அப்பா அம்மாவை முறைத்தார். "அதயாவது எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார் அம்மா.

நான் வளர்ந்து, எனக்குப் பிள்ளை பிறந்து, தாய்வீட்டில் இருந்த நாட்களில் அம்மா இதைச் சொன்னார். சித்தப்பா ஒருநாள் கொதிக்கும் களிச்சட்டியை வெறுங்கையால் அடுப்பிலிருந்து இறக்கியிருக்கிறார். கை கொப்பளித்துவிட்டது, அவருக்குச் சூடே தெரியவில்லை. அம்மா பயந்துபோய், அப்பாவுக்குத் தெரியாமல் ஓசூருக்கு அழைத்துப்போனார். அங்கே வாரம் ஒருநாள் சாலையோரத்தில் நின்று மருந்து கொடுக்கும் மிஷன் வண்டியில் காட்டினார்கள். பெருநோய் என்றார்கள். அந்தப் பெயரை எங்கள் ஊரில் வாயால் சொல்லவே மாட்டார்கள். மாத்திரை கொடுத்து, கைகாலைத் தினமும் ஊறவை, எண்ணெய் தடவு, வெடிப்பு விடாதே, வெறுங்காலோடு நடக்காதே, முள் குத்தினாலும் உனக்குத் தெரியாது என்று அந்த நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். புருவத்து முடி உதிர்ந்துகொண்டிருந்ததால்தான் மை. மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து மற்றவர்களுக்கு ஒட்டாது என்றும் அந்த அம்மாள் சொன்னாராம். அதை மட்டும் சித்தப்பா கடைசிவரை முழுதாக நம்பவில்லை.

பெண் வைத்திருக்கும் தம்பியை ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். அந்த நோய் இருக்கும் வீட்டில் பெண் எடுக்க நாய்கூட வாசல் மிதிக்காது. களத்தில் அவர் எண்ணிப் பார்த்தது அவ்வளவுதான். பிறகு அவருக்கு முழுதாகக் குணமானது. அந்த மிஷன் ஆஸ்பத்திரியிலேயே, கால் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு தைக்கும் வேலையில் இருந்துவிட்டார். அத்தைக்கு முதல் பிள்ளை பிறந்த பிறகு அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா அன்றே கிளம்பிப்போய் வாடா என்று கூப்பிட்டார். அவர் வரவில்லை. அத்தையிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அண்ணனை அனுப்பிவிட்டார். அத்தை கடைசிவரை அவர் பேச்சை எடுத்தால் எழுந்துபோய்விடுவாள். எனக்கு அவள்மேல் கோபம் வரும். தெரியாதவளைக் கோபித்து என்ன செய்வது.

ஆனால் கல்யாணத்தன்று எனக்கும் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை ஊரில் கல்யாணம். பெண்ணை அழைத்துக்கொண்டு மாட்டுவண்டிகள் போயின. சாலையில் ஏறும் இடத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வண்டிகளை நிறுத்தினார்கள். பெரியவர்கள் கற்பூரத்தைக் காற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தபோது நான் இறங்கினேன். சாலைக்கு எதிர்ப்புறம், கொஞ்சம் தள்ளி, ஒரு பெரிய புளியமரத்தடியில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு சித்தப்பா நின்றிருந்தார்.

ஓடினேன். கிட்டப் போவதற்குள் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அங்கியே நில்லு பாப்பா. அத்தை அழுவுதா?"

"இல்ல. சிரிக்குது."

"பொடவை என்னா கலரு?"

"அரக்கு."

"அவ கேட்டதுதான்," என்றார். வண்டிகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதற்காக ஓடிவந்தேனோ அதைக் கேட்டேன்.

"ஓசூர்ச் சித்தி எங்க? வந்திருக்காங்களா?"

அவர் சிரித்தார்.

"வந்திருக்கா. மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறா. உன்னப் பாத்து வெக்கப்படறா."

நான் அடிமரத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அந்தப் பக்கம் போயிருப்பாள் என்று மறுபடியும் சுற்றிவந்தேன். அங்கேயும் இல்லை. வண்டியிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டார். நம்மைப்போல் இல்லாமல் டவுன்காரர்களுக்கு வெட்கம் ரொம்ப அதிகம் என்று நினைத்துக்கொண்டே ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.