மாமா வேகம் ஏற்றிய சிப்பு

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம். அடியில் பொன்னிறக் கம்பிகள் பொடிப்பொடியாக நின்றன. ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி மாமா எனக்குக் காட்டிய அந்த ப்ராசஸரை இப்போதும் என்னால் அப்படியே வரைந்துவிட முடியும். "பார்த்துக்க பாப்பா, இதான் மூளை. வெல கம்மி, ஆனா லாக்கு கெடையாது" என்றார். மாமா என்றால் என் அக்காவின் கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்தால் கம்ப்யூட்டர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவார். பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதியையும் புரிந்த மாதிரி அடித்துவிடுவதில் மனுஷன் கெட்டிக்காரர்.

அப்போது நாங்கள் எல்லோரும் திருவொற்றியூரில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் அனிமேஷன் கோர்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடினேன் என்பதைவிட, அப்பாவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதுதான் சரி. பெரியப்பாவின் துணிக்கடையில் பில் போடும் நாற்காலி எனக்காகக் காலியாக இருந்தது. அதில் ஒருமுறை உட்கார்ந்தால் கல்யாணத்துக்குத்தான் எழுப்புவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்டுடியோ எனக்கு டெஸ்ட் கொடுத்தது. மழையில் நனையும் ஒரு தெருவை உருவாக்கி, அசைய வைத்து, திங்கட்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். அப்பா உதட்டைப் பிதுக்கினார். மாமாதான் குறுக்கே புகுந்தார். "இந்த ஒரு தபா உடுங்க. பாப்பா கெலிச்சிரும். நான் பொறுப்பு." அப்பா அரைமனதோடு தலையாட்டினார். டெஸ்ட் போனால் கடை. அதுதான் பேச்சு.

நான் அடுக்கி வைத்த தெருவுக்கு ஒளியும் நிழலும் கணக்குப் போட்டு ஒவ்வொரு படமாக எடுத்துத் தருவது கம்ப்யூட்டரின் வேலை. அதற்கு ரெண்டர் என்று பெயர். எங்களிடம் இருந்த பழையது ஒரு படத்தை முடிப்பதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். அதனால்தான் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனார். கடைக்காரர் விலை குறைந்த சிப்பு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பிறவியிலேயே வேகம், ஆனால் கம்பெனியே பூட்டி அனுப்பியது, அதற்கு மேல் நகராது. மற்றது சற்று மந்தம், ஆனால் பூட்டு இல்லை. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே நாமே ஓட்டிக்கொள்ளலாம். அதைத்தான் ஓவர்க்ளாக் என்கிறார்கள். பெட்டிக்குள்ளேயே ஒரு நல்ல ஃபேனும் இருந்தது. மாமா யோசிக்கவே இல்லை, பூட்டு இல்லாததையும் அது உட்காரும் மதர்போர்டையும் வாங்கிவிட்டார். குறைந்த விலையில் வேகம் ஏற்ற எது நல்லது என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டாலும் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். பூட்டு இல்லாததாகப் பார், அதற்கு ஒத்துழைக்கிற மதர்போர்டா என்று பார், மிச்சப் பணத்தை ஃபேனில் போடு. டப்பாவின் மேலே இருக்கும் பெயரைப் பார்த்து மயங்காதே.

வீட்டுக்கு வந்து அதை மாட்டி, கொஞ்சம் வேகம், கொஞ்சம் வோல்டேஜ் என்று ஏற்றி, ஜுரம் பார்க்கிற மாதிரி பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் காட்டிய சூடும் அளவாகவே இருந்தது. "ஷோக்கா ஓடுது பாப்பா!" என்றார். அதற்கப்புறம் அந்தச் சூட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் கேரம் போர்டு இல்லாத தெரு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். எங்கள் தெருவின் போர்டு எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. இடுப்பு உயர ஸ்டாண்டில் அது முக்கால் அறையை அடைத்துக்கொள்ள, கம்ப்யூட்டர் பெட்டி வைக்க மிச்சமிருந்த ஒரே இடம் போர்டுக்குக் கீழேதான். மேஜை மாதிரி நிழலாக இருக்கிறது, யார் காலிலும் இடறாது என்று நாங்களேதான் பார்த்துப் பார்த்து வைத்தோம். மாமாவும் தோஸ்துகளும் வந்தால் மேலே காய் ஓடும், கீழே ரெண்டர் ஓடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம் சூடாக இருந்தபோது என் திரை கறுத்துப்போனது. பட்டனை அழுத்தினேன். ஃபேன் உறுமியது, திரை வந்தது, மறுபடி பொசுக்கென்று அணைந்தது. மாமா ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு வந்து அவரும் அழுத்திப் பார்த்தார். அதே கதை. தோஸ்துகள் நைசாகக் கழன்றுகொண்டார்கள். மாமாவின் முகம் செத்துவிட்டது. "வோல்டேஜ் ஏத்தி நானே சிப்பைக் கொளுத்திட்டேன் பாப்பா" என்று முனகிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். எவ்வளவு பெரிய கன்டெய்னரையும் அலுங்காமல் இறக்குகிற மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்தபின்தான் மூளை வேலை செய்தது. செத்த சிப்பு எழுந்து உட்காருமா? இது எழுந்து உட்கார்ந்து மறுபடி அல்லவா படுக்கிறது! ஓடிவந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரே வெள்ளை. சிப்பின் சூட்டை வாங்குகிற அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காற்று நுழைய ஊசிமுனை இடம்கூட இல்லை. சத்தம் கேட்டு வந்த மாமா எட்டிப் பார்த்தார். "எண்ணூர் சாம்பல் பூந்துகினு கீது, கலீஜு" என்று திட்டினார். எங்கள் வீட்டில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி அனல் மின் நிலையத்திலிருந்து பறந்து வரும் அந்தச் சாம்பல்தான். நான் விரலால் தொட்டுத் தேய்த்தேன். சாம்பல் இப்படி வழுக்காது. இவ்வளவு வெளுப்பாகவும் இருக்காது.

கேரம் பவுடர்! ஆட்டத்துக்கு ஆட்டம் அள்ளித் தூவி, கையால் தள்ளி, ஓரத்தில் ஊதிவிட்டதையெல்லாம் கீழே இருந்த ஃபேன் ஒன்றுவிடாமல் உறிஞ்சியிருக்கிறது. சூடு தாங்காத சிப்பு, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "இன்னா பேஜாருடா இது!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்ட பிறகு சிரிக்க ஆரம்பித்தோம். வயிறு வலித்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

என் பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி, மாமாவின் ஃபுட்பால் பம்ப்பால் ஊதிச் சுத்தம் செய்தோம். சிப்பு உயிரோடு இருந்தது. முடிந்த படங்களும் பத்திரமாக இருந்தன. ஆனால் மாமா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம் பாப்பா, கம்பெனி வெச்ச ஸ்பீடுக்கே எறக்கிர்றேன்" என்றார். இறக்கினால் மழை பாதித் தெருவில் நின்றுபோகும், திங்கட்கிழமை கைவிட்டுப் போகும். "கம்முனு இருங்க மாமா. இவ்வளவு பவுடரையும் தின்னுட்டு ஓடியிருக்கு, இனிமே ஓடாதா?" என்று அதட்டினேன். நான் அவரை அதட்டியது அதுதான் முதல் முறை. பெட்டியை ஜன்னலோரம் மாற்றிவிட்டு, திரையில் சூட்டைப் பார்த்தபடியே ஓட்டினோம். மறுநாள் கெடுவுக்கு முன்னாலேயே மழை முழுத்தெருவிலும் பெய்து முடிந்தது.

அந்த ஸ்டுடியோவில்தான் இன்றும் இருக்கிறேன். இங்கே உள்ள மெஷின்களில் யாரும் எதையும் ஏற்ற வேண்டியதில்லை, ஏற்றவும் விடமாட்டார்கள்.

வேலை கிடைத்ததாகப் போன் வந்த அன்று மாமா ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்து சொன்னேன். மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா" என்றார். அக்காதான் போட்டு உடைத்தாள். "அன்னிக்கு மெசினு நின்னப்போ பின்பக்கம் வந்து இந்த மனுசன் என்கிட்ட அழுதாருடி. பாப்பா மூஞ்சில இனிமே எப்டிமே முழிப்பேன்னு." அதே நேரம் குழாயைத் திறந்துவிட்டு நான் எதை நினைத்து அழுதேன் தெரியுமா? பொறுப்பு ஏற்ற மாமாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான். அதைச் சொன்னேன். "அட லூசு, ஒரே வூட்ல இருந்துகினு ரெண்டு பேரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பயந்துகினு இருந்தோமா?" என்று சிரிக்கப் பார்த்தார் மாமா. சிரிப்பு பாதியிலேயே உடைந்தது, எனக்கும்.

அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "வேலை கெடைச்சிருச்சுன்னுதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு ரெண்டும் அழுவுதுங்க?"