ராஜாவின் நாட்டில் தேயிலை

தேயிலை விலை விழுந்து, தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த முப்பதுகளில் நடந்தது இது. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டம். அடுத்து யாரை அனுப்பப்போகிறார்களோ என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். பிள்ளைகள் எங்களுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எங்கள் கவலை ஒன்றே ஒன்றுதான்: கூத்துக்குத் திரை வேண்டும்.

ராத்திரியில் தப்பு மேளம் அடித்தால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் தூக்கம் கெட்டுவிடுமாம். அதனால் எங்கள் தோட்டத்தில் ராஜாக்கள் ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் சண்டை போடுவார்கள், அதுவும் தினமும் விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில். அந்த வருஷம் ராஜா வேஷம் என் மாமாவுக்கு. அம்மாவின் அண்ணன். கொழுந்தைத் தேயிலையாக்கும் ஆலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், பெட்டிக்கு ஆணி அடிக்கிறவர். "எங்கண்ணன் ஆணி அடிச்சாலும் ராகமாத்தான் அடிக்கும்" என்பாள் அம்மா. கதை, நாட்டை இழந்த ராஜா அதைத் திரும்பப் பிடிக்கிற கதை. ராஜாவின் நாட்டைக் காட்டும் பழைய திரையை எலி தின்றுவிட்டது. மாமா சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"ராஜாவோட நாட்டைப் போடுங்க பாப்போம்."

"அது எப்படி இருக்கும் மாமா?" என்றேன்.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? நான் பொறந்ததும் இந்த லயத்துலதான் பாப்பா. உங்களுக்குத் தெரிஞ்ச நாட்டைப் போடுங்க, போங்க."

கறுப்புக்கு அடுப்புக்கரி, பாதைக்குச் செம்மண், பூவுக்கு மஞ்சள். பச்சைக்கு நாங்கள் யோசிக்கவே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரமும் பச்சைதானே! கொழுந்தைக் கசக்கிக் கசக்கி மலை முழுக்கத் தேய்த்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் மலை செம்பு நிறத்தில் நிற்கிறது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஸ்டோர்ல நாங்க வாட்டி உருட்டிச் செய்யிற வேலைய நீங்க சாக்குலயே முடிச்சிட்டீங்களே! இப்படியே பெட்டியில போட்டு ஆணி அடிச்சி லண்டனுக்கு அனுப்பிரவா?"

பிறகு அவரையிலையை அரைத்துப் பூசினோம். பச்சை நின்றது.

கூத்தன்று களத்தில் சனம் உட்கார்ந்துவிட்டது. தப்பும் சூடேறிவிட்டது. அப்போது பெரிய கங்காணி வந்தார். எங்கள் ஆட்களைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தவர். அவர் வேண்டாமென்றால் கூத்தே கிடையாது. திரையைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்னடா கூத்து இது? ராஜா நாட்டுல தேயிலை எங்கருந்துடா வந்திச்சி? கோபுரம் எங்க? ஆறு எங்க? வெள்ளையடிங்கடா இத. வெறுஞ்சாக்கா இருந்தாலும் இருக்கட்டும்."

சுண்ணாம்பு வாளி வந்தது. மலையின் அடியில் கூடையோடு நிற்கிறவள் என் அம்மா. அவள் கம்பளியின் கிழிசல்கூடத் தெரியும்படி நான் போட்டிருந்தேன். ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துத் திரையின்மேல் சாய்ந்துகொண்டேன்.

"அடிக்காதீங்க! உள்ள எங்கம்மா இருக்கு!"

சனம் சிரித்தது. உள்ளே யார்தான் இருக்கிறார்கள் என்று பார்க்கப் பெண்கள் எழுந்து வந்தார்கள்.

"ஏய், இது நம்ம பீலிடி! நாம தண்ணி பிடிக்கிற எடம்!"

"எங்க காம்பரா கூட இருக்கு. கூரையில ஓட்டையப் பாத்தியா!"

"அதையாவது தொரைகிட்ட காட்டுங்கடி, அடைச்சித் தரட்டும்."

அம்மா தன்னை அடையாளம் கண்டு, கிழிசலைப் பார்த்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப மலைக்கு மேல கோட்டும் குடையுமா நிக்கிறது யாரு?" என்றாள்.

அது என் அண்ணன் போட்டது. அவனுக்குக் கங்காணி என்றால் கனவிலும் நடுக்கம். பயத்துக்கு ஏற்ற அளவில் அவரை மலையைவிட உயரமாகப் போட்டுவைத்திருந்தான். கங்காணி கிட்டே வந்தார். தன்னைத் தானே வெகுநேரம் பார்த்தார்.

"தலப்பாக்கட்டு சரியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "குடைக்கு மட்டும் இன்னுங்கொஞ்சம் கறுப்பு அடிங்க. வெளுத்த குடை மாதிரி இருக்கு."

வாளி திரும்பிப் போனது. அண்ணன் கரியோடு ஓடினான்.

கூத்து தொடங்கி, எதிரிகள் எல்லாரும் விழுந்து முடிந்ததும், மாமா சரிகைத்தாள் கிரீடத்தோடு நடுவில் வந்து கையை வீசித் திரையைக் காட்டினார்.

"இந்த மலை என் மலை! இந்த மண் என் மண்! இதை விட்டு என்னை எவனும் துரத்த முடியாது!"

கை போய் நின்ற இடம் எங்கள் லயம். எங்கிருந்தோ ஒரு விசில். "அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க!" மாமா சொன்னார். "இன்னொரு தடவ!" மறுபடியும் சொன்னார். ஆண்கள் துண்டைச் சுழற்றி வீசினார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். குடைக்காரக் கங்காணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மானம் போயிற்று. பாவம், மாமாவுக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. சொன்னதையே சொல்லிச் சமாளிக்கிறார்! ஒத்திகை பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். எழுந்து நின்று, என்னாலானமட்டும் கத்தினேன்:

"மாமா! அடுத்தது 'மந்திரியாரே'!"

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு வாயைப் பொத்தினாள். அவள் கை ஈரமாக இருந்தது.

"சும்மா இரு பாப்பா," என்றாள். "அதையே சொல்லட்டும்."