அம்மா விரதம் முறித்த சாயங்காலம்

திருவெறும்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ்ப் பாடத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண். ஆனாலும் வகுப்பில் என் பெயர் பானிபூரி. அப்பா பீகாரிலிருந்து வெல்டிங் வேலைக்கு வந்தவர். வீட்டில் அவரும் அம்மாவும் போஜ்புரி பேசுவார்கள். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்காகப் பேசுவது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

நான்காம் வகுப்பு படித்தபோது டெங்கு வந்து பிழைத்தேன். நான் பிழைத்தால் சட் விரதம் இருப்பதாக அம்மா சூரியனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். தீபாவளிக்கு அடுத்த வாரம் வரும் விரதம் அது. சாயங்காலம் ஆற்றில் நின்று மறையும் சூரியனைக் கும்பிட வேண்டும். மறுநாள் உதயத்தையும் கும்பிட்ட பிறகுதான் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படலாம். நடுவில் முறிந்தால், யாருக்காக நேர்ந்தார்களோ அவர்களுக்கு ஆகாது என்பார்கள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அம்மா பட்டினி என்பது மட்டும்.

காந்தி மார்க்கெட்டில் கரும்பும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்குப் பஸ் ஏறினோம். முறத்தில் தேக்குவா இருந்தது. கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து அம்மா நெய்யில் பொரித்தது. வழியெல்லாம் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

சூரியன் மறைந்தது. அம்மா ஈரப் புடவையோடு படியேறி வந்தபோது ஒரு சின்னப் பையன் எதிரே வந்து கையை நீட்டினான். படைத்ததை யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. அம்மா அவன் கையில் ஒன்றை வைத்தாள். வடக்கத்தி ஆட்கள் மயக்க மருந்து தடவிய இனிப்பைக் கொடுத்துப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று அந்த வாரம் எல்லார் போனிலும் வாட்ஸப் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் போனுக்கு மட்டும் வரவில்லை. எங்களுக்கு யார் அனுப்பப் போகிறார்கள்?

பையனின் தாய் அலறிக்கொண்டு ஓடிவந்து தேக்குவாவைத் தட்டிவிட்டார். உடனே கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்தார். அப்பாவுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் பயத்தில் ஓடிப்போய், "சார், சார்" மட்டும் மிஞ்சியது.

"விடுங்க, அது எங்கப்பா! சாமிக்குப் படைச்சதுங்க, ஒண்ணும் செய்யாது" என்று கத்தினேன்.

என் தமிழ் அன்றைக்குப் பார்த்துக் காலை வாரியது.

"பாப்பா நம்ம ஊருப் பொண்ணாட்டம் பேசுது பாருங்க. இது இவங்க பிள்ளையே இல்ல. எங்கேருந்தோ தூக்கிட்டு வந்திருக்கானுங்க" என்றார் காலரைப் பிடித்தவர். அப்பாவின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

நானே தின்று காட்டலாம் என்று ஒரு தேக்குவாவை எடுத்தேன். "வேணாம்டா கண்ணு" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு பையனின் தாய் என்னைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இருந்தது நிஜமான பாசம்.

"அவளே திங்கட்டும், பாக்கலாம்" என்று அம்மாவைக் காட்டிச் சொன்னார் பையனின் தாய்.

"அம்மா விரதங்க. நாளைக்குக் காலையிலதான் சாப்பிடுவாங்க."

"நல்ல கதையா இருக்கே!"

அம்மாவுக்கு நான்தான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம். முறத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று விழுங்கினாள்.

மயங்கி விழுகிறாளா என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் திமிறிக்கொண்டு ஓடி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "சரி சரி, கிளம்புங்க. இனிமே பிள்ளைங்களுக்கு எதையும் கொடுக்காதீங்க" என்றார் காலரைப் பிடித்தவர். அப்பாவின் சட்டையை நீவிக்கூட விட்டார். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம். ஒருவழியாக அம்மா சாப்பிட்டுவிட்டாள் அல்லவா? தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடி, குடி என்று அவளிடம் நீட்டினேன். குடித்தாள். மறுநாள் காலையில் நாங்கள் ஆற்றுக்குப் போகவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாப்பிடும்போது, படிக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் பார்க்கும்போதும்கூட. எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே என்று ஒவ்வொரு முறையும் அவள் கையைத் தட்டிவிட்டேன்.