சரளைப் பாதையில் ஒரு தொன்னைச் சுண்டல்

திருநீர்மலை ஏரிக்கரையை ஒட்டிச் செல்லும் சரளைப் பாதையைப் பற்றிய குறிப்பொன்று அண்மையில் என் கைப்பேசிக்கு வந்தது. மோட்டார் ஊர்திகள் வாராத அவ்வழியைத் தாங்களே புதிதாகக் கண்டறிந்ததாக மிதிவண்டி ஆர்வலர் சிலர் அதில் எழுதியிருந்தனர். அவர்கள்பால் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. ஞாயிறு விடியலில் தலைக்கவசம் அணிந்து அவர்கள் வரிசையாகச் செல்வதைக் காணும்போது மகிழவே செய்கிறேன். ஆயினும், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர் அதே பாதையை வைத்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு நடந்தது. தீர்ப்புப் பெற்றவள் நான். வழக்காடியவர்களும் நடுவரும் இன்று இல்லை. எழுதி வைக்காவிட்டால் எனக்காக வாதாடியவர் யார் என்பதே தவறாக நின்றுவிடும். நானே அதைப் பல்லாண்டுகள் தவறாகத்தான் சொல்லி வந்தேன்.

அப்போது நாங்கள் அனகாபுத்தூரில் இருந்தோம். என் பெரியப்பா அங்கிருந்த திருச்சபைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். திருச்சபையின் செயலரும் அவரே. அப்பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மேல் இல்லை. மேற்கொண்டு படிக்கத் தாம்பரத்துக்குப் போகவேண்டும். பேருந்தில் சென்றால் பல்லாவரத்தில் மாறவேண்டும். மாறும் பேருந்து எப்போது வரும் என்று எவரும் உறுதி கூறார். மிதிவண்டியில் சென்றால் நெடுஞ்சாலையைத் தவிர்க்க இயலாது. அந்நெடுஞ்சாலையில்தான் பெரியப்பா தம் மாணவன் ஒருவனைச் சரக்குந்துக்குப் பறிகொடுத்திருந்தார். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்கட்டும் என்று அவர் கூறியபோது, அக்குரலில் இருந்தது கடுமையன்று, அச்சம். பல்லாவரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் தந்தை, அண்ணன் சொல்லுக்கு மறுசொல் அறியாதவர். அன்றும் தலையைக் குனிந்துகொண்டார்.

எழுந்து பேசியவர் என் தாய்மாமன். நில அளவைக்குச் சங்கிலி பிடித்துச் செல்வது அவர் பணி. சுற்றுவட்டாரத்தின் வரப்பும் வாய்க்காலும் அவர் கால்களுக்குப் பாடம். பெரியப்பாவிடம் படித்தவராதலால் உறவுமுறையை விடுத்து அவரைச் ‘சார்’ என்றே அழைப்பார்.

“மெயின் ரோடே வோணாம் சார். ஒரு மோட்டார் வண்டி குறுக்க வராம பாப்பாவத் தாம்பரத்துல கொண்டாந்து வுடறேன். வழி கீது.”

“ஓடற வண்டி ஒண்ணு கண்ணுல பட்டாலும் பேச்சு முடிஞ்சுது. நானே கூட வரேன்,” என்றார் பெரியப்பா.

அனைவருக்கும் விடுமுறையான ஒரு நாள் குறிக்கப்பட்டது. அது ஆயுத பூசை நாள். எங்களைப் பொறுத்தவரை அது நாட்காட்டியில் ஒரு சிவப்பு எழுத்து மட்டுமே. படைக்கப்பட்ட உணவை உண்பதில்லை என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நின்ற நெறி. அண்டை வீட்டார் அன்போடு அனுப்பும் பொங்கல்கூட, படைக்குமுன் எடுத்ததா என்று கேட்டறிந்த பின்னரே வாயிலைக் கடக்கும்.

அன்று காலை நான்கு மிதிவண்டிகள் புறப்பட்டன. மாமா முன்னே, அடுத்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவர் எனக்கென வாங்கிப் பழுதுநீக்கிய சிறு வண்டியில் நான், எனக்குப் பின்னே நடுவராகிய பெரியப்பா, கடைசியில் தந்தை.

ஊரின் தறியோசை ஓய்ந்த இடத்தில் பாதை தொடங்கியது. முதலில் செம்மண், பின்பு சரளை. சக்கரத்தின் கீழ்ச் சிறு கற்கள் நொறுநொறுவென்று பேசிக்கொண்டே வரும் அவ்வோசையைப் போல் மனத்தை நிமிர்த்தும் ஓசையை நான் பிறகு கேட்டதில்லை. முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏரி பாதி நிறைந்து, மலையையும் அதன் உச்சிக் கோயிலையும் தலைகீழாக ஏந்திக்கொண்டிருந்தது. நத்தைகுத்தி நாரைகள் கரையோரச் சேற்றில் நின்றன. எங்களைக் கண்டும் அவை பறக்கவில்லை. ஆவாரம்பூக்களுக்கு மேலே தும்பிகள் கூட்டமாய் மிதந்தன. கரைப்பனைகளின் நிழல் பாதையில் கோடிட்டிருந்தது. வெயிலும் நிழலுமாக மாறிமாறி முகத்தில் பட்டது. இவ்வளவு அழகும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கல் தொலைவில் கேட்பாரற்றுக் கிடந்தது எனக்கு வியப்பாக இருந்தது. பெரியப்பாவுக்கும் வியப்பே போலும். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைப்பதை நெடுநேரம் பார்த்தார்.

அவ்வேளை விமானமொன்று மிகத் தாழ்ந்து ஏரியின் மேல் சென்றது. மாமா திரும்பிப் பார்த்தார்.

“சார், இதையும் கணக்குல சேத்துப்பீங்களா?”

பெரியப்பா சிரித்துவிட்டார். வழக்கு வென்றதாகவே எண்ணினேன்.

மலையின் மறுபுறம் ஒரு கல்குவாரி இருந்தது. பாதை அதன் ஓரமாக இரண்டு பர்லாங் தூரம் செல்லும். திருப்பத்தைக் கடந்ததும், எதிரே ஒரு சரக்குந்து நின்றுகொண்டிருந்தது. இருபுறமும் வாழைக்கன்று, நெற்றியில் சந்தனம், ஆளுயர மாலை. பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. உதவியாள் ஒருவன் ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஓர் எலுமிச்சை வைத்துக்கொண்டிருந்தான். அவற்றை நசுக்கி வண்டியை நகர்த்துவது அவர்கள் வழக்கம். ஓட்டுநர் ஏறி அமர்ந்துவிட்டார்.

பெரியப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றினார். “இது என்ன?”

“நிக்கிற வண்டி சார். இன்னிக்கு அதுக்கும் லீவு.”

“டிரைவர் மேல ஏறிட்டானே. இருந்து பாக்கலாம்.”

மாமா உதவியாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பள்ளிப்படிப்பு முழுவதும் அந்த நான்கு எலுமிச்சைகளின் மேல் நின்றது. நான்காவதை உதவியாள் வைத்து முடித்து நிமிர்ந்தான்.

அப்போது என் தந்தை தம் வண்டியை ஒரு பாறையில் சாய்த்துவிட்டு, சரக்குந்தின் அருகே சென்று, ஓட்டுநரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். ஓட்டுநர் எங்களைப் பார்த்தார், சற்றுக் கூடுதலாக என்னைப் பார்த்தார், கீழே இறங்கினார்.

“டேய், இருங்கடா. நல்ல நேரம் இன்னும் வர்ல. மொதல்ல வந்தவங்களுக்குச் சுண்டல் குடு.”

தந்தை தொன்னையை இரு கைகளாலும் வாங்கி, அங்கேயே நின்று உண்ணத் தொடங்கினார்.

“டேய், என்னடா பண்றே? படைச்சதுடா அது,” என்றார் பெரியப்பா.

“பசிக்குதுண்ணா.”

“காலைல ஆறு இட்லி தின்னுட்டுதான வந்தே?”

“ஆமாண்ணா. திரும்பப் பசிக்குது.”

உதவியாள் தொன்னையை எட்டிப் பார்த்தான். “இன்னும் கொஞ்சம் போடட்டா சார்?”

தந்தை தொன்னையை நீட்டினார்.

பெரியப்பாவின் முகம் சிவந்தது. “இந்த எடத்துல இனிமே ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்,” என்று கூறி, திரும்பியும் பாராமல் விரைந்து மிதித்தார். நாங்கள் பின்தொடர்ந்தோம். அடுத்த திருப்பத்தில் நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். சரக்குந்து ஆரவாரத்தினிடையே எலுமிச்சைகளை நசுக்கி நகர்ந்தது. பெரியப்பா அதற்குள் பாறைக்கு அப்பால் மறைந்திருந்தார். நம் நற்பேறு என்று எண்ணிக்கொண்டேன்.

தாம்பரத்தில் பள்ளி வாயிலை அடைந்ததும் அவர் இறங்கினார். “ஓடற வண்டி எதுவும் நான் பாக்கல. சொன்னது சொன்னதுதான், பொண்ணு படிக்கட்டும்,” என்றார். சினத்திலும் தம் சொல்லைக் காத்த அவரை இன்றும் வணங்குகிறேன்.

ஆனால், சுண்டலை அவர் மன்னிக்கவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் திருமறைப் பகுதியை வாசிப்பவர் என் தந்தை, நல்ல குரல். அடுத்த வாரம் முதல் அது வேறொருவருக்குப் போயிற்று. ஓராண்டு தந்தை கடைசி வரிசையில் அமர்ந்தார். சிலர் அவரைச் ‘சுண்டல்’ என்றே குறிப்பிட்டனர். தண்டனை தகுந்ததே என்று நான் கருதினேன். ஒரு பிடி கடலைக்காக நாவை அடக்காதவர் என்று நாணி, ஆலயத்திலிருந்து வரும்போது மாமாவோடு நடந்தேன். பள்ளி நாட்களில் தந்தை அலுவலகத்துக்கு நேரெதிர்த் திசையில் என்னோடு வந்து, குவாரியைக் கடத்திவிட்டே திரும்புவார். மாலையிலும் அங்கே வந்து நிற்பார். என் மிதிப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று அதற்கும் வருந்தினேன். குவாரி வண்டிகள் மற்ற நாட்களில் ஓடும் என்பதை அவர் முன்பே எண்ணி வைத்திருந்தது எனக்குத் தோன்றவேயில்லை.

நான் கல்லூரி ஆசிரியையான பின், ஓர் ஆயுத பூசையில் எங்கள் கல்லூரிப் பேருந்தின் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சை வைத்தனர். வைத்த கை விலகியதோ இல்லையோ, ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எலுமிச்சை வைத்தபின் எந்த ஓட்டுநரும் காத்திருப்பதில்லை, யாரேனும் வேண்டிக்கொண்டாலன்றி.

அன்று மாலையே மாமாவைக் கண்டு கேட்டேன். தந்தை காலமாகி அப்போது ஈராண்டு ஆகியிருந்தது.

“அவரு இன்னா கேட்டாருன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா நாள் குறிச்சது நான் இல்ல. நான் ஞாயித்துக்கெழமன்னேன், குவாரி அன்னிக்கும் ஓடும்னு நெனைக்காம. ஞாயிறு ஆலயம் இருக்கு, பூஜை லீவு அன்னிக்கு வெச்சுக்கலாம்னது உங்கப்பாதான். அந்த மனுசன் எதுவும் பேசலன்னு நீயும் நெனச்சுகினு இருந்தியா?”

இவ்வழியே மிதிவண்டியில் செல்வோர் என் நினைவில் உள்ள பிழைகளைத் திருத்த வேண்டுகிறேன். ஏரிக்கரையின் வளைவு, குவாரியின் தூரம், நாரைகள் கூடும் பருவம் ஆகியவற்றில் நான் தடுமாறியிருக்கக்கூடும். அவ்வோட்டுநரின் மக்களுள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று என் தந்தை அவரிடம் கேட்டது என்னவென்று வீட்டில் எப்போதாவது பேச்சு வந்ததா எனத் தெரிவியுங்கள். சுண்டல் மட்டுமே கேட்டார் என்றாலும் எழுதுங்கள். அப்போதும் நாள் குறித்ததற்கு ஒரு விடை வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தே அனுப்புங்கள்.