கேம்ப் ரோட்டில் ரேடியேட்டர் மாற்றிய வெள்ளிக்கிழமை

மாலை நாலு பத்துக்குக் காரில் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. எங்கள் ஊரான சேலையூரைத் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கேம்ப் ரோட்டிலேயே ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. வண்டியை அங்கே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஐந்து மணிக்குப் பல்லாவரத்தில் என் மகள் காத்திருப்பாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமைகளில் சந்தைக் கூட்டத்தால் பள்ளித் தெருவுக்குள் கார் நுழையாது. அதனால் சந்தை முகப்பில் கூடை வைத்துக் கருவாடு விற்கும் அம்மாளின் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தேன். நான் வரும்வரை நகரக் கூடாது, யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று வாரம் தவறாமல் சொல்வேன்.

"அரை மணி சார்" என்றார் மெக்கானிக். ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் வைத்தார். உள்ளே உப்பு வெள்ளையாகப் படிந்து அடைத்திருந்தது.

"போர் தண்ணியா ஊத்துன சார்?"

"ஆமாம். நல்ல தண்ணி லாரில வாங்கறோம். அது குடிக்க மட்டும்தான்."

"குளிக்கிறதும் போர் தண்ணிதான?" முன்பக்கம் முடி கொட்டிப்போயிருந்த என் தலையைப் பார்த்தார். "கேக்கவே வேணாம், தெரியுது."

வேறொரு காரிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து வைத்திருந்த ரேடியேட்டரைப் பொருத்தினார். அதன் அடியில் வரும் ரப்பர் ஓஸ் குழாயை மாட்டும்போது அது கிழிந்தது. புதிது வாங்கத் தாம்பரம் போக வேண்டும். சைக்கிளை எடுத்தார்.

"கடையப் பாத்துக்க சார். தோ வந்துர்றேன்."

மணி நாலு ஐம்பது. பக்கத்துக் கடையிலிருந்து பள்ளிக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. பல்லாவரம் போகும் பஸ் இரண்டு முறை வந்து போனது. முன்பின் தெரியாத ஒருவருடைய ஸ்பேனர்களுக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தேன். ஷெட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது தப்பு என்று தோன்றியது. இதோ வருகிறேன் என்றாரே என்றும் தோன்றியது. பஸ் ஏறிப் போகாததற்கு இதைத் தவிர வேறு காரணத்தை என் மனைவியிடம் இன்றுவரை சொல்ல முடிந்ததில்லை.

ஆறேகாலுக்கு அவர் திரும்பினார். "தாம்பரத்துல கெடைக்கல சார், குரோம்பேட்ட வரைக்கும் மிதிச்சேன்."

ஓஸ் குழாயை மாட்டி, தான் குடிக்க வைத்திருந்த குடத்து நல்ல தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினார். எண்ணிப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கார் கதவைத் திறந்தேன்.

எதிரே பஸ் நின்றது. முதலில் ஒரு கூடை இறங்கியது. பிறகு கருவாட்டுக்காரம்மா. அவர் புடவையைப் பிடித்தபடி என் மகள்.

"தோ நிக்கிது எங்க காருன்னு இந்தப் பொண்ணுதான் பஸ்லருந்து காட்டுச்சி" என்றார் அந்த அம்மாள். "இன்னா சார் அப்பன் நீ! உக்காருன்னா உக்கார்ல. நானும் சேலையூர்தான், வூட்ல வுடறேன்னா வர்ல. கருவாட்டுக் கடையாண்டதான் எங்கப்பா நிக்கச் சொன்னார்ன்னு ஒரே பேஜாரு. அப்பறம் கூடையத் தலைல வெச்சிகினு சொன்னேன், 'தோ பாரு கண்ணு, கடை கெளம்பிடுச்சி. நீ கடையாண்டயே நடந்து வா'ன்னு. அப்பாலதான் கால எடுத்து வெச்சிது."