மலையிலிருந்து ஜெனரேட்டரோடு இறங்கியவன்

சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடுவதற்காக மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது குமரேசன் அழைத்தான். எங்கள் 'கொண்டை ஊசி' ராக் இசைக்குழுவில் கிடார் வாசித்தவன். எடுத்த எடுப்பில், "பொன்னு போயிட்டானப்பா. காப்பி குடிச்சுட்டு உக்காந்திருந்தவன் அப்படியே சாஞ்சுட்டானாம்" என்றான். கையில் இருந்த மைக்கை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. நான் அழுதது மண்டபம் முழுக்கக் கேட்டது.

பொன்னுசாமி எங்கள் டிரம்ஸ்காரன். கொல்லிமலையில் அரியூர் நாடு என்ற பகுதியில் மிளகும் மரவள்ளியும் போடும் குடும்பம். எங்கள் முதல் கேசட் ஓடாத பஸ் அன்று நாமக்கல் பக்கத்தில் இல்லை. அத்தனை துள்ளலும் அவன் கையில் பிறந்தது. அவனோடு பழகியவர்களுக்கு இது தெரியும். நான் எழுத வந்தது இரண்டாவது கேசட்டைப் பற்றி. அதைப் பற்றி ஊரெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் இருக்கும்போதே திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை.

முதல் கேசட் மாதிரியே இன்னொன்று வேண்டும் என்றார் கேசட் கம்பெனி முதலாளி. எனக்கும் அதுதான் ஆசை. கிடைத்த பேரை விட்டுவிடுவோமோ என்ற பயம். பொன்னு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அதான் பாடிட்டமே, மறுக்கா எதுக்கு? மெதுவா ஒண்ணு பண்ணலாம், வாங்க" என்று எங்களை மலையில் தன் வீட்டுக்கே கூட்டிப்போனான்.

சுவரெல்லாம் சாக்கும் போர்வையும் தொங்கவிட்டு, வாடகைக்கு எடுத்துப்போன டேப் மெஷினில் பதிவு செய்தோம். மலையில் கரண்ட் அடிக்கடி போய்விடும் என்று அடிவாரத்து மைக்செட்காரரின் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். திருவிழாவுக்கு சீரியல் லைட் எரிய விடும் ஜெனரேட்டர். அதன் இரைச்சல் பாட்டுக்குள் வந்து விழுந்தது. "கொஞ்சம் கொறைச்சு ஓட்டுங்கண்ணா" என்று நாங்களே சொன்னோம். அவரும் குறைத்தார். இஞ்சின் மெதுவானால் டேப்பும் மெதுவாகத்தான் சுற்றும் என்று எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. நாங்கள் படித்த படிப்பு அவ்வளவுதான்.

சென்னை ஸ்டுடியோவில் முழுக் கரண்டில் அந்த டேப்பைப் போட்டதும் பாட்டெல்லாம் ஓட்டமாய் ஓடியது. என் குரல் பள்ளிக்கூடப் பையன் குரல் மாதிரி கீச்சென்று கேட்டது. முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதைத்தானய்யா கேட்டேன்! அப்படியே விட்டுரலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். பொன்னு கடைசிப் பாட்டு வரைக்கும் பொறுமையாகக் கேட்டான்.

"இது நான் வாசிச்சது இல்லீங்க" என்றான்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் முதலாளி.

"நல்லாத்தானுங்க இருக்கு. ஆனா நான் வாசிச்சது இல்லீங்க."

அன்றே பஸ் ஏறிப் போனவன், மூன்றாம் நாள் ஒரு லாரியில் வந்து இறங்கினான். லாரியில் அந்த ஜெனரேட்டர், பக்கத்தில் மைக்செட்காரர். ஸ்டுடியோக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று சிரித்தார்கள். அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டேப் மெஷினை ஜெனரேட்டரில் மாட்டச் சொல்லி, இஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைக்க வைத்தான். பாட்டைக் கேட்டபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான். ஓரிடத்தில் கையைத் தூக்கி, "இத்தோட வெச்சுக்குங்கண்ணா" என்றான். மலையில் நாங்கள் பாடிய பாட்டு அப்படியே வந்தது. ஸ்டுடியோவின் இன்னொரு மெஷினில் அதைப் பிடித்துக்கொண்டோம். இதுதான் வெளிவர வேண்டும் என்று அவன் விடாமல் நின்றதில் முதலாளியும் அரைமனதாய் ஒத்துக்கொண்டார்.

கேசட் படுத்துவிட்டது. துள்ளலைத் தேடி வாங்கியவர்கள் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். "உன் வீம்பால எல்லாம் போச்சு" என்று ஆள் கூடியிருந்த இடத்தில் அவனைப் பார்த்துக் கத்தினேன். "உனக்குக் கோவம் இருக்காதா பின்ன" என்று மட்டும் சொன்னான். குழு கலைந்தது. அவன் மிளகுத் தோட்டத்துக்குப் போனான், நான் கல்யாண மேடைக்கு வந்தேன்.

பல வருடம் கழித்து இளைஞர்கள் அந்தக் கேசட்டைத் தோண்டி எடுத்துக் கொண்டாடினார்கள். ஒரு பத்திரிகையிலிருந்து வந்து, "அவ்வளவு பெரிய வெற்றிக்கு அப்புறம் இப்படி மெதுவாகப் பாடும் துணிச்சல் யாருக்கு வந்தது?" என்று கேட்டார்கள். "எனக்குத்தான்" என்றேன். வாய் கூசவில்லை. பேட்டி வந்த வாரம் பொன்னு போன் செய்தான். அந்தப் பொய்யைக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். "போட்டோவுல எளைச்சுத் தெரியறே சாமி. நேரத்துக்குச் சாப்புடு" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவன் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டார். சுவரில் அந்தப் பேட்டி, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. "ஊட்டுக்கு ஆரு வந்தாலும் இதக் காட்டாம உடமாட்டாருங்கண்ணா. எங்க கேசட்டப் பத்திப் பேப்பர்ல வந்திருக்குது பாருன்னு அவ்வளவு சந்தோசப்படுவாருங்க."

அந்தப் பக்கத்தில் அவன் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

எங்கள் இரண்டாவது கேசட் பொன்னுசாமியின் துணிச்சல். நான் அதற்குக் குறுக்கே நின்றவன். அவன் மனைவியின் அனுமதியோடு அந்தச் சட்டத்தைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறேன். இனி அவனுடையது என்று நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். அது இருந்த ஆணியில் மாட்டச் சொல்லி, அச்சானதும் இந்தப் பக்கத்தை மலைக்கு அனுப்பப் போகிறேன்.