பூட்டக்காவும் ஏழாம் படுக்கையும்

பூட்டக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மருத்துவமனையில் படுக்கை ஒதுக்கும் புரோகிராமை எழுதியவள் அவள். காலிப் படுக்கைப் பட்டியலில் இரண்டு பதிவுக் கவுண்டர்கள் ஒரே நேரத்தில் கைவைக்காமலிருக்க அவள் போட்ட பூட்டுகளை அடுக்கினால் நிலாவுக்கே ஏணி போட்டுவிடலாம். அப்படியிருந்தும் ஏழாம் படுக்கை இரண்டு நோயாளிகளுக்குப் போய்த் தொலைத்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பழையபடி கையால எழுதுற நோட்டுக்கே போயிடுவோம்" என்றார் தலைமை நர்ஸ். போனால் மூன்று வருட உழைப்பு குப்பைக்கு.

எங்கே இடறுகிறது என்று பார்க்க, ஒவ்வொரு அடியையும் எழுதிக்காட்டும் ஒரு வரியைப் புரோகிராமில் சேர்த்தாள். தப்பு மாயமானது. வரியை எடுத்தாள், இளித்துக்கொண்டு வந்து நின்றது.

"அந்த வரி அங்கேயே இருக்கட்டுமே" என்றார் மேனேஜர்.

"அது மருந்தில்ல சார்! வேகத்தைக் குறைக்குது, அதான் ரெண்டு கவுண்டரும் மோதிக்கல."

"மோதிக்கலைல்ல? விடும்மா."

பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள், வேண்டாத வரிகளைக் கூட்டித் தள்ளியே 'துடைப்பம்' என்று பெயர் வாங்கிய பக்கத்து இருக்கைக்காரர் அந்த வரியை அழித்துவிட்டார்.

"ஏன்யா எடுத்தே?"

"பார்க்கவே கண்றாவியா இருந்துச்சுக்கா."

அன்றைக்கே ஏழாம் படுக்கையில் கால் உடைந்தவர் படுத்திருக்க, வயிற்றுவலிக்காரர் சீட்டும் கையுமாகத் தலைமாட்டில் நின்றார். தலைமை நர்ஸ் நோட்டைத் தூசி தட்டினார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்."

மறுநாள் காலை வீட்டில் பூட்டக்கா குளியலறையை எட்டிப் பார்த்தாள், காலி. துண்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் கதவு சாத்தியிருந்தது.

"நான்தான் முதல்ல பார்த்தேன்!"

"பார்த்தே, சரி. தாழ் போட்டியா?" என்றார் கணவர் உள்ளேயிருந்து. கூடவே பாட்டு வேறு.

கதவை ஓங்கிக் குத்தப் போன கை பாதியில் நின்றது. காலியா என்று பார்க்க ஒரு பூட்டு, பெயரை எழுத இன்னொரு பூட்டு என்றல்லவா போட்டிருந்தாள்! முதல் பூட்டைத் திறந்து அடுத்ததைப் பூட்டுவதற்குள், துண்டு எடுக்கப் போகிற அளவு இடைவெளி.

குளிக்காமலே ஆபீசுக்கு ஓடினாள். பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே பூட்டுக்குள் அடைத்தாள். பத்து லட்சம் தடவை ஓட்டினாள். ஒரு மோதல்கூட இல்லை.

"எதுக்கும் அந்தப் பழைய வரியையும்..." என்று இழுத்தார் மேனேஜர். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

சாயங்காலம் எட்டு கவுண்டரிலும் ஒரே நொடியில் ஏழாம் படுக்கையைக் கேட்கச் சொன்னார் தலைமை நர்ஸ். ஒன்றுக்குக் கிடைத்தது, ஏழுக்கு இல்லையென்று வந்தது. இருபது தடவை கேட்கவைத்தார். இருபதும் அப்படியே.

"சரி, இருக்கட்டும்" என்று நோட்டை இழுப்பறைக்குள் வைத்தார்.

இழுப்பறையைப் பூட்டவில்லை.